மிச்சிகன் காட்டில் ஒரு டச்சுப் போதகர்: ஆல்பெர்டஸ் வான் ரால்ட்டே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டச்சுக்காரர்கள் என்றதும் நம் நினைவுக்கு வருவது பழவேற்காட்டுக் கல்லறைகளும் நாகப்பட்டினத்துக் கோட்டையும்தான். பழைய தமிழ் ஏடுகள் அவர்களை ஒல்லாந்தர் என்றன. வணிகம் செய்யவும் ஆளவும் வந்தவர்களாகவே அவர்களை நாம் அறிவோம். சொந்த நாட்டில் நிம்மதியாக ஜெபம் செய்ய முடியாமலும் விளைந்த கிழங்கு அழுகிப்போனதாலும் ஊரைவிட்டுக் கிளம்பிய டச்சுக் குடியானவர்களும் உண்டு. அப்படிப் போன ஒரு கூட்டத்தை வழிநடத்தியவரைப் பற்றியது இந்தப் பக்கம்.

யார் இந்த வான் ரால்ட்டே?

1846-இல் மனைவி மக்களோடும் ஒரு சிறு கூட்டத்தோடும் நெதர்லாந்திலிருந்து கப்பலேறி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹாலந்து என்ற ஊரை உருவாக்கிய போதகர். 1811 அக்டோபர் 17 அன்று ஓவரைசல் மாகாணத்தில் பிறந்தார். தந்தையும் போதகர். லைடன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1832-இல் நாட்டைக் காலரா உலுக்கியது. சுற்றிலும் சாவைப் பார்த்த அந்த மாதங்களில்தான் வாழ்க்கையை இறைப்பணிக்குக் கொடுத்துவிடுவது என்று அந்த இளைஞர் முடிவெடுத்தார். 1876 நவம்பர் 7 அன்று, தாம் உருவாக்கிய ஊரிலேயே காலமானார்.

படித்துத் தேறியவருக்கு நாட்டுச் சபையில் ஏன் இடம் கிடைக்கவில்லை?

1816-இல் அரசர் முதலாம் வில்லெம், சீர்திருத்தத் திருச்சபையை அரசின் ஒரு துறை போல மாற்றி அமைத்தார். விதிகளும் குழுக்களும் மேலிருந்து வந்தன. பழைய விசுவாச அறிக்கைகளைப் போதகர்கள் எந்த அளவுக்கு ஏற்க வேண்டும் என்பது வேண்டுமென்றே மங்கலாக விடப்பட்டது. சாதாரண விசுவாசிகள் பலருக்கு அது உறுத்தியது. 1834-இல் உல்ரம் கிராமத்துப் போதகர் ஹென்ட்ரிக் டி காக் தம் சபையாரோடு வெளியேறினார். நெதர்லாந்து வரலாற்றில் அதற்குப் ‘பிரிவு’ என்றே பெயர்.

வான் ரால்ட்டே தேர்வில் தேறியவர். ஆனால் சபையின் விதிகளுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னபோது தயங்கினார். படித்துப் பார்க்க அவகாசம் கேட்டார். அந்தத் தயக்கமே அவருக்குக் கதவை அடைத்தது. பிரிந்து போனவர்கள் 1836 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் கூடி அவரைப் போதகராக நியமித்தார்கள்.

பிரிந்தவர்களை அடக்க அரசு கையில் எடுத்தது நெப்போலியன் காலத்துத் தண்டனைச் சட்டம். அனுமதியில்லாமல் இருபது பேருக்கு மேல் கூடினால் குற்றம். கொட்டகையிலும் களத்திலும் ஆராதனை நடத்தினார்கள். காவலர்கள் வந்து கலைத்தார்கள். அபராதம் விதிக்கப்பட்டது, சிறையும் உண்டு. சில வீடுகளில் படைவீரர்களைக் கொண்டுபோய்த் தங்கவைத்து, அவர்களுக்குச் சோறு போடும் பாரத்தையும் வீட்டுக்காரர் தலையிலேயே கட்டினார்கள். ஏற்கெனவே கடனில் இருந்த விவசாயிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குடும்பமே சேர்ந்து இந்தப் பாதையில் நடந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், இதைத் தமிழில் சொல்வது எளிது. நம்மிடம் ‘சகலை’ என்ற சொல் இருக்கிறது. லைடன் நகரத்து டி மூன் குடும்பத்தில் மூன்று சகோதரிகள். ஒருவரை அந்தோனி புருமெல்காம்ப் மணந்தார், இன்னொருவரை சைமன் வான் வெல்சன் மணந்தார். மூன்றாமவரான கிறிஸ்டினா யோஹன்னாவை 1836 மார்ச் 11 அன்று, போதகரான சில நாள்களிலேயே, வான் ரால்ட்டே மணந்தார். மூன்று மாப்பிள்ளைகளும் லைடனில் ஒன்றாகப் படித்த நண்பர்கள், மூவரும் பிரிவுச் சபையின் போதகர்கள். மைத்துனர் கார்லும் பின்னர் அதே சபையில் போதகரானார்.

சகலைகளுக்குள் எப்போதும் ஒத்துப்போனது என்று எண்ணிவிட வேண்டாம். வான் வெல்சன் கண்டிப்பானவர், மற்ற இருவரும் சற்று விட்டுக்கொடுப்பவர்கள். சபை ஒழுங்குகளைப் பற்றி அவர்களுக்குள் கடுமையான வாதங்கள் நடந்தன. ஆனால் ஒருவர் வீட்டுக்கு அபராதம் வந்தால் மற்ற வீடுகளும் அந்தச் சுமையை உணர்ந்தன. வான் ரால்ட்டேயின் விசுவாசத்தைப் புரிந்துகொள்ள அவருடைய பிரசங்கங்களைப் படிப்பதைவிட இந்த உறவு முறையைப் பார்ப்பது உதவும் என்று நான் நினைக்கிறேன். சபையையும் குடும்பத்தையும் அவர் வேறு வேறாகப் பார்த்தவர் அல்லர்.

ஊரை விட்டது மதத்துக்காகவா, பஞ்சத்துக்காகவா?

இரண்டுக்கும்தான். இதில் ஒன்றை மட்டும் சொல்வது அந்த மக்களுக்கு நாம் செய்யும் அநீதி. அரசர் முதலாம் வில்லெம் 1840-இல் முடி துறந்தபின் அடக்குமுறை தளர்ந்துவிட்டது. ஆனால் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளின் அன்றாட உணவே கிழங்குதான். செடி கருகி, மண்ணுக்குள்ளேயே கிழங்கு அழுகியது. பிரிவுச் சபையார் என்பதால் வேலை தர மறுத்தவர்களும் இருந்தார்கள்.

நெதர்லாந்தின் ஓமன் (Ommen) என்ற ஊரில் ஊழியம் செய்த காலத்தில், தம் மக்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே வான் ரால்ட்டே செங்கல்லும் ஓடும் செய்யும் சூளைத் தொழிலில் பங்கு சேர்ந்தார். பங்காளியின் பெயர் டிர்க் பிளிக்மன் கிக்கெர்ட். 1844-இல் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரையே முழுதாக வைத்தார். சூளையால் எத்தனை வயிறுகளைக் காப்பாற்ற முடியும்?

டச்சுக்காரர்களுக்கு ஜாவா இருந்ததே, அங்கே ஏன் போகவில்லை?

அதுதான் முதல் யோசனை. அன்று ஜாவா நெதர்லாந்தின் ஆட்சியில் இருந்தது. அங்கே போனால் தங்கள் முறைப்படி வழிபடவும் பள்ளி நடத்தவும் உரிமை வேண்டும் என்று அரசிடம் கேட்டார்கள். அந்த உறுதி கிடைக்கவில்லை. புருமெல்காம்ப்பும் வான் ரால்ட்டேயும் 1846-இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார்கள். ஜாவாவுக்கு அல்ல, வட அமெரிக்காவுக்கே போகச் சொல்கிறோம், ஏன் என்றால் இதனால் என்பதே அதன் பொருள். எழுதிய இருவரில் புருமெல்காம்ப் நாட்டிலேயே தங்கிவிட்டார். கப்பலேறியவர் வான் ரால்ட்டே.

பயணம் எப்படி இருந்தது? மிச்சிகனைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

‘சதர்னர்’ என்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு ஆறு வாரத்துக்கும் மேலான கடல் பயணத்துக்குப்பின் 1846 நவம்பர் 17 அன்று நியூயார்க்கை அடைந்தது. கிறிஸ்டினாவின் மடியில் கைக்குழந்தை.

உண்மையில் அவர்கள் போக நினைத்தது விஸ்கான்சினுக்கு. டெட்ராய்ட் வந்தபோது ஏரிகள் உறைந்துவிட்டன, படகு இல்லை. ஆண்களில் பலர் செயின்ட் கிளேர் என்ற ஊரில் கப்பல் கட்டும் வேலைக்குப் போய் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினார்கள். அந்த இடைவெளியில் மிச்சிகன்காரர்கள் சிலர் தங்கள் மாநிலத்தின் மேற்குக் கரையைப் பார்க்குமாறு வான் ரால்ட்டேயிடம் சொன்னார்கள். ஆலிகன் ஊரைச் சேர்ந்த நீதிபதி ஜான் கெல்லாக் துணைக்கு வந்தார், ஒரு பூர்வகுடி வழிகாட்டியும் உடன் வந்தார். பனிக்குள் கால் புதையப் புதைய நடந்து கருப்பு ஏரி என்று அழைக்கப்பட்ட ஏரிக்கரையை அடைந்தார்கள்.

அடர்ந்த காடு. மக்கள் ஏன் சமவெளியை விட்டுவிட்டு இதை எடுத்தார் என்று அப்போதே கேட்டார்கள். அவர் பார்த்தது வேறு. மரம் இருந்தால் கையில் காசில்லாதவனும் முதல் நாளிலிருந்து வெட்டி விற்றுப் பிழைக்கலாம். ஏரி மிச்சிகன் பேரேரியோடு சேர்கிறது, எனவே சந்தைக்கு நீர்வழி உண்டு. அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலர். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு யாரும் வந்து நெருக்காத இடத்தில் தம் மக்கள் சேர்ந்து வாழலாம். 1847 பிப்ரவரி 9 அன்று முதல் கூட்டம் அங்கே வந்து சேர்ந்தது.

முதல் ஆண்டு எப்படிக் கழிந்தது?

நெதர்லாந்து தட்டையான, வயல் நிறைந்த நாடு. வந்தவர்களில் பெரும்பாலோர் பெரிய மரத்தை வெட்டியே பழகாதவர்கள். ஒரு பக்கம் வெட்டி மரத்தை விழவைக்கும் வித்தை தெரியாமல் கோடரியால் சுற்றிச் சுற்றிக் கொத்தினார்கள். மரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அது முனகத் தொடங்கியதும் ஓடினார்கள். பின்னர் பக்கத்து ஊர் அமெரிக்கர்கள் கோடரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வீடென்பது கிளைகளும் மரப்பட்டையும் வேய்ந்த குடிசை, பிறகு கதவு ஜன்னல் இல்லாத மரக்கட்டை வீடு.

கோடையில் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். சதுப்பு நிலம், கொசு, அழுக்குத் தண்ணீர். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் வீடு வீடாகப் புகுந்தன. மருந்து பற்றி ஓரளவு தெரிந்த வான் ரால்ட்டேயே மருத்துவருமானார். ஒரு ஞாயிறு ஆராதனையில் ஜெபித்துக்கொண்டிருந்தவர் குரல் உடைந்து, “ஆண்டவரே, நாங்கள் எல்லோருமே செத்துத்தான் போகவேண்டுமா?” என்று கதறிவிட்டார் என்று அந்தத் தலைமுறை சொல்லிச் சென்றிருக்கிறது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக ஊர் கூடி ஓர் அனாதை இல்லம் கட்டத் தொடங்கியது. கட்டி முடித்தபோது அதில் சேர்க்கப் பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் ஏதோ ஒரு குடும்பம் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அந்தக் கட்டடம் பின்னர் பள்ளிக்கூடமாகப் பயன்பட்டது. தங்களுக்கே ரொட்டி போதாத வீடுகள் அவை. இந்த மனிதர்களைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அந்த நிலத்தில் ஏற்கெனவே யாரும் இல்லையா?

இருந்தார்கள். ஒடாவா பூர்வகுடியினரின் ஒரு கிராமம் அங்கே இருந்தது. ஜார்ஜ் ஸ்மித் என்ற மிஷனெரியும் அவர்களோடு வாழ்ந்தார். டச்சுக்காரர்கள் வந்த தொடக்க நாள்களில் தங்க இடம் கொடுத்து உதவியது இந்த மிஷன்தான். அதற்குப் பிறகு நடந்தது மகிழ்ச்சியான கதை அல்ல. ஒடாவா மக்கள் பருவத்துக்குப் பருவம் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் இடம் மாறுவார்கள். மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் தொட்டிகளையும் பாத்திரங்களையும் காட்டிலேயே விட்டுச் செல்வது வழக்கம். திரும்பி வந்து பார்த்தால் அவை காணாமல் போயிருந்தன. குடியேறிகளின் கால்நடைகள் தோட்டங்களை மேய்ந்தன. நோயும் பரவியது. 1849-இல் அவர்கள் ஸ்மித்தோடு வடக்கே லீலனா தீபகற்பத்துக்குப் போய்விட்டார்கள்.

தம் ஊரில் வழிபட இடமில்லாமல் வந்தவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இன்னொரு மக்களுக்கு இடத்தைக் குறுக்கிவிட்டார்கள். வான் ரால்ட்டேயின் பெருமையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய மனைவியைப் பற்றி ஏன் அதிகம் பேசப்படுவதில்லை?

பேசியிருக்க வேண்டும். கிறிஸ்டினா வசதியான லைடன் குடும்பத்தில் பிறந்தவர். மணமாகிய நாளிலிருந்து கணவர் மீது வழக்கும் அபராதமும். பிறகு கடல், பிறகு காடு. பெற்ற பிள்ளைகள் சிலரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தார். கணவர் சபைக்கும் நிலத்துக்கும் பள்ளிக்கும் நிதி திரட்டக் கிழக்கே பயணம் போகும்போதெல்லாம் வீட்டை நடத்தியவர் அவர். உடல்நிலை நலிந்துகொண்டே வந்தது. 1866-இல் இருவரும் ஒருமுறை நெதர்லாந்துக்குப் போய் வந்தார்கள். 1871 ஜூன் 30 அன்று கிறிஸ்டினா இறந்தார். கணவரின் விசுவாசத்துக்கான விலையில் பெரும்பங்கை அவர் கட்டினார் என்பேன்.

சபை மீண்டும் உடைந்தது ஏன்?

1849-இல் ஆல்பனி நகரத்துப் போதகர் ஐசக் வைக்காஃப் இந்தக் காட்டுக் குடியிருப்புகளைப் பார்க்க வந்தார். அவருடைய சபை, நியூயார்க் இன்னும் டச்சுக் குடியேற்றமாக இருந்த காலத்திலிருந்து வரும் பழைய டச்சு சீர்திருத்தச் சபை. 1850-இல் மிச்சிகன் சபைகள் அதோடு இணைந்தன. இணைப்புக்கு முன்னின்றவர் வான் ரால்ட்டே.

சிலருக்கு அது பிடிக்கவில்லை. விவிலியத்தின் சங்கீதங்களை மட்டுமே பாட வேண்டும் என்பவர்களுக்கு, கீர்த்தனைப் பாடல்கள் பாடும் சபையோடு சேர்ந்தது உறுத்தியது. 1857-இல் நான்கு சபைகள் வெளியேறின. இன்றைய கிறிஸ்தவ சீர்திருத்தச் சபை அங்கிருந்து வளர்ந்ததுதான். ஒரு காலத்தில் பிரிந்து வந்தவரிடமிருந்தே மற்றவர்கள் பிரிந்து போனார்கள், அது அவரை ஆழமாகக் காயப்படுத்தியது. அவர் ஊழியம் செய்த, ஆறு தூண்கள் தாங்கும் முகப்பு கொண்ட 1856-ஆம் ஆண்டுக் கோயிலும், அவர் இறந்த சில ஆண்டுகளில் மறுதரப்பின் கைக்குப் போனது. தூண் கோயில் என்று அழைக்கப்படும் அந்த ஆலயம் இன்று இரண்டு சபைகளையும் சேர்ந்ததாக இருக்கிறது.

கல்விக்கு என்ன செய்தார்?

1851-இல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இந்த மக்களின் எதிர்காலத்துக்கு இதுவே என் நம்பிக்கையின் நங்கூரம் என்றார் அவர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து 1866-இல் ஹோப் கல்லூரியாகச் சாசனம் பெற்றது. முதல் பட்டதாரிகள் எட்டுப் பேர். கல்லூரி முத்திரையில் இன்றும் நங்கூரம் இருக்கிறது.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடமாநிலங்களின் தரப்பான ஒன்றியத்துக்கு ஆதரவாகப் பேசி இளைஞர்களைப் படையில் சேரச் சொன்னவர் வான் ரால்ட்டே. ஊரார் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிவிட்டுத் தம் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. பெஞ்சமினும் டிர்க்கும் மிச்சிகன் 25-ஆம் காலாட்படையில் சேர்ந்தார்கள். 1864 ஆகஸ்டில் அட்லாண்டா அருகே டிர்க் வலக்கையை இழந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. சூளைப் பங்காளியின் பெயரைத் தாங்கிய அந்த மகன் திரும்பி வந்து, பின்னாளில் மிச்சிகன் சட்டமன்ற உறுப்பினரானார்.

ஊர் எரிந்ததா?

1871 அக்டோபர் 8, 9. சிகாகோ எரிந்த அதே இரவு. அந்தக் கோடை முழுதும் மழையில்லை, காடு காய்ந்து கிடந்தது. காற்றோடு வந்த நெருப்பு ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. தூண் கோயிலும் கல்லூரியும் தப்பின. கிறிஸ்டினா இறந்து அப்போது நூறு நாள்தான் ஆகியிருந்தது. அறுபதை நெருங்கிய வான் ரால்ட்டே, நம் டச்சுப் பிடிவாதத்தாலும் அமெரிக்க அனுபவத்தாலும் ஊரை மீண்டும் கட்டுவோம் என்றார். கட்டினார்கள்.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியதா?

இல்லை. தொடக்கத்தில் நடத்திய பொதுக் கடை நொடித்தது. 1869-இல் வர்ஜீனியாவின் அமீலியாவில் இன்னொரு குடியேற்றம் தொடங்க முயன்றார், அது நிலைக்கவில்லை. நிலம் வாங்கி விற்றதில் லாபம் பார்த்தார் என்ற குறையும் அவர்மேல் சொல்லப்பட்டது.

தமிழ்நாட்டோடு ஏதேனும் தொடர்பு உண்டா?

உண்டு. 1850-இல் அவர் இணைந்த சபைதான் ஆற்காடு மிஷனின் தாய்ச்சபை. 1819-இல் இலங்கைக்கு வந்து, பின் சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகன்கள் ஹென்றி, வில்லியம், ஜோசப் மூவரும் 1853-இல் தொடங்கியது ஆற்காடு மிஷன். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அதே குடும்பத்துப் பேத்தி. மிச்சிகன் குடியானவர்களின் காணிக்கையிலும் ஒரு பங்கு இந்தப் பக்கம் வந்தது. ஹோப் கல்லூரியில் படித்தவர்கள் பின்னாளில் ஆற்காடு வட்டாரத்துக்கு மிஷனெரிகளாக வந்தார்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. ஊரிசு கல்லூரி என்று நாம் சொல்லும் பெயர், அதற்குக் கொடை அளித்த நியூஜெர்சியின் வூர்ஹீஸ் குடும்பத்தின் பெயர். 1660-இல் அமெரிக்கா போன டச்சுக் குடும்பம் அது. ‘வூர் ஹேஸ்’ என்றால் ஹேஸ் என்ற சிற்றூருக்கு முன்புறம் என்று பொருள். அதே குடும்பத்து எலிசபெத் வூர்ஹீஸின் பெயரில் ஹோப் கல்லூரியிலும் ஒரு விடுதி நிற்கிறது.

மிச்சிகன் மக்களுக்கு இன்னும் பெரிய கனவு ஒன்று இருந்தது. மிஷனெரிகளை ஏற்றிச் செல்லத் தாங்களே ஒரு கப்பல் கட்டுவது. 1864-இல் ஜெபத்தோடும் பாட்டோடும் கப்பலின் அடிமரமான ஏராக்கட்டையைக் கிடத்தினார்கள். கப்பல் முடியவே இல்லை. ஏரிக்கரையில் அந்த ஏராக்கட்டை மட்டும் கிடந்தது.

டுலிப் விழா அவர் தொடங்கியதா?

இல்லை. அது 20-ஆம் நூற்றாண்டில் வந்த வழக்கம். அங்கே சுழலும் காற்றாலையும் 1960-களில் நெதர்லாந்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. அவர் காலத்தில் அந்த மண்ணில் இருந்தவை வெட்டிய மரத்தின் கட்டைகளும் அவற்றுக்கிடையே நட்ட சோளமும்தான்.

அவரை எங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள்?

பில்கிரிம் ஹோம் கல்லறைத் தோட்டத்தில். 1847-இல் கட்டிய முதல் மரக்கட்டைக் கோயில் அந்த இடத்தில்தான் நின்றது. காய்ச்சலில் இறந்தவர்களைத் தொடக்கத்தில் அதன் அருகிலேயே புதைத்தார்கள். கிறிஸ்டினாவின் கல்லறையும் அங்கேதான், அவருக்குப் பக்கத்தில்.